முட்டுக்கட்டை போட்ட நீதிபதி

"முட்டுக்கட்டையே இல்லாத ஓர் அரசாங்கத்தை எப்படி அமைக்கறது?"

தில்லைநாதன் இதைக் கேட்டபோது அஞ்சுகம் முட்டுக்கட்டை செதுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் நிமிரவில்லை. செதுக்கும் வாச்சி மரத்தில் இறங்கி ஏறியது. ஒரு சிராய் பறந்து வந்து அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்தது.

"யாரு?" என்றாள்.

முப்பது வருடம் நீதிபதியாக இருந்தவரை அப்படி யாரும் கேட்டதில்லை. அவருக்கு அறுபத்தொரு வயது. பெயரைச் சொன்னார்.

"உக்காருங்க ஐயா. அந்தக் கட்டை மேல வேணாம், அது ஆடும்."

அவர் ஆடாத கட்டையாகப் பார்த்து உட்கார்ந்தார்.

அந்தத் தீவு அன்னியர் பிடியிலிருந்து விடுபட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. அரசியல் சட்டம் எழுதப் பதின்மூன்று பேரை நியமித்திருந்தார்கள். தில்லைநாதன் அவர்களில் ஒருவர்.

தீவில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே போயும் விடை கிடைக்காதவர்கள் கடைசியில் தேரடிக்கு வருவார்கள். ஓடும் தேருக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிற குடும்பம் அங்கே இருந்தது. அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை அஞ்சுகத்துக்கு வந்தது. அவளுக்கு வயது முப்பத்துநாலு, படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவள் யாருக்கும் நேராகப் பதில் சொன்னதாகத் தகவல் இல்லை. ஆனால் சத்தமாக வந்தவர்கள் சத்தமில்லாமல் திரும்பினார்கள்.

"பதின்மூணு பேர்ல ஆறு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் இன்னொரு பக்கம்," என்றார் தில்லைநாதன். "நான் எந்தப் பக்கம் கை தூக்கறேனோ அதுதான் சட்டம் ஆகும்."

"எப்பத் தூக்கணும்?"

"தேர்த் திருவிழாவுக்கு மறுநாள்."

"என்னதான் சண்டை?"

"சொன்னா உங்களுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க. புரியலைன்னா கேட்டுக்கறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆறு பேர் சொல்றாங்க, ஜனாதிபதி ஆட்சி வேணும்னு. ஜனங்களே நேரா ஓட்டுப் போட்டு ஒருத்தரை உட்கார வைக்கணும். அஞ்சு வருஷம். நடுவுல யாரும் இறக்க முடியாது. சட்டம் போடற சபை தனி, அவர் தனி. அவரால சபையைக் கலைக்க முடியாது, சபையால அவரைக் கலைக்க முடியாது."

"சரி."

"மத்த ஆறு பேர் நாடாளுமன்ற ஆட்சி வேணுங்கறாங்க. ஜனங்க சபைக்கு ஆள் அனுப்பட்டும். சபையில யாருக்குக் கூட்டம் அதிகமோ அவர் பிரதமர். சபைக்குள்ளயே உட்கார்ந்துதான் ஆளணும். சபைக்கு நம்பிக்கை போயிட்டா அன்னிக்கே இறங்கிடணும்."

அஞ்சுகம் கட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க கோயில்ல ரெண்டும் இருக்கே," என்றாள்.

தில்லைநாதன் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சுவாமி தேருக்கு ஒரு கொடிக்காரர் உண்டு. ஊரே கூடி ஒரு ஆளைப் பொறுக்கும். அவர் தேர் மேல ஏறி நிப்பார். பச்சைக் கொடி காட்டினா இழுக்கணும், சிவப்புக் காட்டினா விடணும். ஏறினவரை தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் யாரும் இறக்கக் கூடாது. அவரே நினைச்சாலும் இறங்கக் கூடாது. தப்பாக் காட்டினாலும் அவர்தான்."

நீதிபதிகளுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் குறித்துக்கொள்ளக் கை அரிக்கும். தில்லைநாதன் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"அம்மன் தேருக்கு?"

"அதுக்கும் கொடிக்காரர் இருக்கார். ஆனா மேல ஏற மாட்டார். வடம் பிடிக்கறவங்களுக்கு நடுவுல, ஒரு கையில கொடி, ஒரு கையில வடம். ஆள் சரியில்லைன்னு பட்டுச்சுன்னா ஜனங்க வடத்தைக் கீழ போட்டுருவாங்க. அந்த இடத்துலயே கொடி கை மாறிரும். ஒரு வருஷம் தெற்கு வீதி ஒண்ணுலயே நாலு பேர் மாறினாங்க."

"இதுல எந்தத் தேர் நல்லா ஓடுது?"

"ரெண்டும் ஓடியிருக்கு. ரெண்டும் நின்னிருக்கு."

"நின்னதா? சுவாமி தேர்கூடவா?"

"மூணு நாள் நின்னுச்சு ஒருக்க. கொடிக்காரர் பச்சைங்கறார், எங்க அப்பா கட்டையை எடுக்க மாட்டேங்கறார். அவரையும் இறக்க முடியாது, இவரையும் விரட்ட முடியாது. நடு வீதியிலயே சாமிக்குப் பூசை, நைவேத்தியம் எல்லாம் நடந்துச்சு."

தில்லைநாதன் நோட்டை மூடினார். முகம் சிவந்துவிட்டது.

"அதைத்தான் அம்மா சொல்றேன்! அந்த முட்டுக்கட்டைதான் கூடாதுங்கறேன். நாங்க எந்த முறையை வேணா எடுப்போம். ஆனா ஒரு நல்லவர் நல்லது செய்ய வந்தா குறுக்கே ஒருத்தன் முட்டுக்கட்டை போடக் கூடாது. மருதப்பனைத் தெரியுமில்ல உங்களுக்கு?"

தெரியாமல் இருக்குமா? பதினோரு வருடம் சிறையில் இருந்தவர். வெளியே வந்தபோது இரண்டு வேட்டியும் ஒரு துண்டும்தான் அவர் சொத்து. இன்றைக்கும் அவ்வளவுதான். எந்த முறை வந்தாலும் தலைவர் அவர்தான் என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். ஜனங்கள் அவரை மருதண்ணன் என்றார்கள்.

"அவர் கையைக் கட்டிப் போடறதுக்கா நாம விடுதலை வாங்கினோம்?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"தங்கமான மனுஷன்," என்றாள் அஞ்சுகம். "இந்த வருஷம் சுவாமி தேர்ல கொடி அவருக்குத்தான்."

அவள் கட்டையின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் மடியில் வைத்தாள்.

ஒரு முழ நீளம். ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் சரிந்து மெலிந்து நாக்கு மாதிரி இருந்தது. தில்லைநாதன் நகத்தால் அழுத்தினார். தடம் பதிந்தது.

"இவ்வளவு மெத்துன்னு இருக்கே?"

"வாகை மரம்."

"தேக்குல செய்யலாமே. உடையாதே."

"இது உடையலைன்னா சக்கரம் உடையும். சக்கரத்துக்கு எங்க போறது?"

"சரி, இது எனக்கு எதுக்கு?"

"வீட்டுல வெச்சிருங்க. தேர் அன்னிக்கு மறக்காம எடுத்துட்டு வாங்க."

"என் கேள்விக்குப் பதில்?"

அஞ்சுகம் அடுத்த மரத்தை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

*

தில்லைநாதன் வீட்டில் அந்தக் கட்டை மேசைக்கு வந்தது. காகிதம் பறக்காமல் இருக்க அது நல்ல கனமாக இருந்தது.

அதன் அடியில் இருந்த காகிதத்தில்தான் நாற்பத்தொன்றாம் விதி பிறந்தது. அவரே எழுதினார். முப்பது வருடத் தீர்ப்புகளில் வராத அழகு அந்த ஒரு வரியில் வந்துவிட்டதாக நினைத்தார்.

"தலைவரின் செயல் எதற்கும் எவரும் எவ்வகையிலும் முட்டுக்கட்டை போடலாகாது."

பதின்மூவர் சபையில் வாசித்தபோது ஜனாதிபதிக் கட்சி ஆறு பேரும் கை தட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால் நாடாளுமன்றக் கட்சி ஆறு பேரும் கை தட்டினார்கள். மருதப்பனைச் சுற்றி மேலே இருக்கப்போவது தாங்கள்தான் என்று இரண்டு பக்கமும் நம்பியது.

ஏழு மாதத்தில் பதின்மூன்று பேரும் ஒத்துக்கொண்டது அந்த ஒரு விதியைத்தான். அந்தச் சந்தோஷத்தில் அதை மட்டும் முதலில் இடைக்கால ஆணையாக வெளியிட்டார்கள். காவல் நிலையம்தோறும் ஒட்டினார்கள்.

*

தேர் அன்று காலை ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஞானப்பிரகாசம் தேரடிக்கு வந்தார். பின்னால் ஒரு வேன் வந்தது.

அவர் கெட்டவர் இல்லை. ஆணை என்றால் எழுத்துக்கு எழுத்து நடத்துவார், அவ்வளவுதான்.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

"முட்டுக்கட்டை," என்றாள் அஞ்சுகம்.

"எத்தனை?"

"நூத்துப் பன்னிரண்டு."

அவர் காகிதத்தை எடுத்து வாசித்தார். எவரும், எவ்வகையிலும், முட்டுக்கட்டை, போடலாகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்குத் தேர்ல யார் கொடி?"

"மருதண்ணன்."

"அப்ப அவர் தலைவர். அவர் செய்யறது செயல். நீங்க போடறது முட்டுக்கட்டை. சரியா இருக்கா?"

"வார்த்தை சரியாத்தான் இருக்கு."

"ஏத்துங்கப்பா."

நூற்றுப் பன்னிரண்டு கட்டையும் வேனில் ஏறின.

"ஐயா, கட்டை இல்லாம தேரை இழுக்கக் கூடாது. இதை நான் மருதண்ணன்கிட்ட சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். இந்த முறை அவருக்கே சங்கடமாக இருந்தது.

"அப்படிச் சொன்னீங்கன்னா அதுவும் முட்டுக்கட்டைதானேம்மா," என்றார். தேரின் பக்கம் அவளை விடாமல் இரண்டு காவலர்களை நிறுத்திவிட்டுப் போனார்.

*

அந்தக் கோயிலில் அம்மன் தேர்தான் முதலில் புறப்பட வேண்டும்.

வடம் பிடித்தவர்கள் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கட்டை எங்கடா?"

"காணோமே."

"அஞ்சுகம் எங்க?"

கொடிக்காரர் பச்சையை ஆட்டினார். ஜனங்கள் வடத்தைக் கீழே போட்டார்கள். கொடி கை மாறியது. அடுத்தவரும் பச்சையை ஆட்டினார். மறுபடியும் வடம் கீழே விழுந்தது. மூன்றாவது ஆள் யாருக்கும் எதையும் ஆட்டவில்லை. கொடியை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

காலை முழுவதும் ஒரு சாண்கூட நகரவில்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அம்மன் வெயிலில் நின்றாள்.

"பார்த்தீங்களா? இதுதான் நாடாளுமன்றம்," என்றார் கூட்டத்தில் ஜனாதிபதிக் கட்சிக்காரர் ஒருவர்.

அதற்கு மேல் பொறுக்காமல் சுவாமி தேரை முதலில் இழுக்கச் சொன்னார்கள். அதில் அப்படியெல்லாம் நடக்காது.

ஐம்பது அடி உயரம். உச்சியில் கலசம், சுற்றிலும் தொங்கும் துணித் தொம்பைகள். ஆள் உயரச் சக்கரங்கள் நான்கு. கொடிக்காரர் நிற்கும் தட்டில் மருதப்பன் தோளில் அதே துண்டோடு நின்றார். கீழே ஐயாயிரம் பேர் இரண்டு வடங்களைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். சக்கரத்தை யாரும் பார்க்கவில்லை. மருதண்ணன் மேலே இருக்கும்போது சக்கரத்தை எதற்குப் பார்ப்பது?

அவர் பச்சைக் கொடியை உயர்த்தினார்.

தேர் அசைந்தது.

தேர் முதன்முதலில் அசையும் அந்த நொடியில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். ஏன் என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. நகரவே நகராது என்று நினைத்த ஒரு மலை நம் கைக்கு நகர்கிறது. அது நம் பலமா, பக்கத்தில் நிற்பவனின் பலமா, அல்லது மேலே இருப்பவரின் அருளா, எதுவும் தெரியாது. எத்தனை முறை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். எனக்கு எழுதும்போதே சிலிர்க்கிறது.

மருதப்பனும் அழுதார். மேலேயிருந்து அவருக்கு நேரான வீதி தெரிந்தது. தலைகள் தெரிந்தன. தூரத்தில் வீதி முடியும் மூலையில் மோர்ப் பந்தல் தெரிந்தது. பந்தலுக்கு முன்னால் தேர் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

கட்டை பிடுங்கப்பட்டது அவருக்குத் தெரியாது. அதை யார் போய்ச் சொன்னாலும் அது சட்ட விரோதம்.

*

தில்லைநாதன் துணிப்பையில் வாகைக் கட்டையோடு வந்து சேர்ந்தபோது தேர் பாதி வீதியைத் தாண்டியிருந்தது.

கோயில் மதிலை ஒட்டி நெருக்கித் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். தேரைப் பார்த்தார். கை தானாகக் குவிந்தது. அதற்குப் பிறகுதான் அஞ்சுகத்தைப் பார்த்தார்.

காவலர்களை எப்படித் தாண்டினாளோ தெரியவில்லை. இடது சக்கரத்துக்கு முன்னால் பின்புறமாகவே நடந்துகொண்டிருந்தாள். கண் சக்கரத்தின் அடியில் இருந்தது. வழக்கமாகக் கட்டை இருக்கும் கைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. வெறுங்கையோடு ஒரு மலைக்கு முன்னால் நடந்தாள்.

"கட்டை எங்கம்மா?" என்று கத்தினார்.

அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பூக்காரர் ஒருவர் சொன்னார். "முட்டுக்கட்டை போடக் கூடாதுன்னு சட்டம் வந்திருக்காம் சாமி. எல்லாத்தையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எவனோ படிச்சவன் எழுதினதாம்."

தில்லைநாதன் துணிப்பையில் இருந்த கட்டையைத் தடவிப் பார்த்தார்.

கிழக்கு வீதி கடைசி நூறு அடியில் சரிவாக இறங்கும். நடந்து போகும்போது அது தெரியாது. தேருக்குத் தெரியும்.

வடம் தளர்ந்தது. இழுப்பவர்களை விடத் தேர் வேகமாக வந்தது.

மருதப்பன் சட்டென்று சிவப்புக் கொடியைக் காட்டினார்.

ஐயாயிரம் பேரும் அந்தக் கணமே வடத்தை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். ஒருவர்கூட மீறவில்லை. அவ்வளவு அன்பு அவர் மேல்.

தேர் நிற்கவில்லை.

அவர் கொடியை இன்னும் உயரமாகப் பிடித்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்தார். "நிறுத்துங்க! நிறுத்துங்கப்பா!" என்று கதறினார். நிறுத்த வேண்டியவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டிருந்தார்கள். மோர்ப் பந்தலில் டம்ளரோடு நாற்பது பேர் தேரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அது தங்களை நோக்கித்தான் வருகிறது என்று அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

அஞ்சுகம் தேரின் வலச் சக்கரத்துப் பக்கம் பார்த்தாள். மதிலோரம் துணிப்பையோடு நின்ற நீதிபதியைக் கண்டாள்.

"ஐயா! வலச் சக்கரம்!"

அவர் கட்டையை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினார். நடுவில் தேர் இருந்தது.

"நீங்களே போடுங்க!"

எவரும். எவ்வகையிலும். அவருடைய சொந்தக் கையெழுத்து அவர் கண்முன் வந்தது. முப்பது வருடத்தில் ஒரு விதியையும் அவர் மீறியதில்லை. சிவப்பு விளக்கில் யாருமே இல்லாத தெருவிலும் நிற்பவர் அவர்.

"உள்பக்கமா! நாக்கு சக்கரத்தைப் பாத்து இருக்கணும்! போட்டதும் கையை எடுத்துருங்க!"

தில்லைநாதன் மண்டியிட்டார்.

அங்கேயிருந்து பார்த்தபோது தேரே தெரியவில்லை. சுவாமி தெரியவில்லை, கலசம் தெரியவில்லை, மருதப்பன் தெரியவில்லை. இரும்புப் பட்டை போட்ட ஒரு கறுத்த சுவர் உருண்டு வந்தது. அதன் அடியில் சிறு கற்கள் மாவாகிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. மேலே நின்று கும்பிடுகிற யாரும் கேட்டதில்லை. பயம் போய்விட்டது. வாய் திறந்தபடி அதையே பார்த்தார். இவ்வளவு பெரியதா? இத்தனை நாள் இதன் முன்னாலா அவள் நடந்தாள்? வருடா வருடமா?

கட்டையை வைத்தார்.

சக்கரம் நாக்கில் ஏறியது. வாகை முனகியது. சக்கரம் இன்னும் ஏறியது, பிறகு கட்டையைத் தள்ளிக்கொண்டே தரையில் தேய்த்தது. மரம் கருகுகிற வாசனை வந்தது. வலப்பக்கம் தயங்கியது, இடப்பக்கம் வந்துகொண்டேயிருந்தது. ஐம்பது அடித் தேர், அதன் மரக்குதிரைகள், தொம்பைகள், மணிகள், உச்சியில் இருந்த மனிதர், எல்லாம் அந்த ஒரு முழக் கட்டையைச் சுற்றி மெல்லத் திரும்பின.

நின்றது.

இடது சக்கரத்துக்கும் பந்தல் காலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. தேரின் மணிகள் மட்டும் ஆடி ஆடி அடங்கின. ஐயாயிரம் பேர் இருந்த வீதியில் ஒரு குழந்தை மோர் குடிக்கும் சத்தம் கேட்டது.

*

"கட்டை போட்டது யாரு?"

இன்ஸ்பெக்டர் ஞானப்பிரகாசம் மூச்சு வாங்க ஓடி வந்தார். அவர் முகமும் வெளுத்திருந்தது. ஆனாலும் கையில் நோட்டு இருந்தது.

கூட்டம் மதிலோரத்தைப் பார்த்தது.

"நான்தான்," என்றார் தில்லைநாதன். இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். வலது கட்டை விரல் நகம் நசுங்கி ரத்தம் சொட்டியது.

"நீங்களா ஐயா? நாப்பத்தொண்ணாம் விதிப்படி..."

"அதை எழுதினதும் நான்தான். எழுதிக்கோங்க."

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. தேர் நிலைக்கு வரும்வரை கொடிக்காரர் இறங்கக் கூடாது. மருதப்பன் தட்டில் படுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, கீழே பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.

"ஐயா! எனக்கு இங்கேயிருந்து சக்கரமே தெரியல ஐயா!" என்றார். பதினோரு வருடச் சிறையில் உடையாத குரல் உடைந்தது. "யாருமே எனக்குச் சொல்லலையே!"

அஞ்சுகம் தேருக்கு அந்தப் பக்கமிருந்து சுற்றி வந்தாள். முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து நீதிபதியின் விரலைக் கட்டினாள். பிறகு சக்கரத்தின் அடியில் குனிந்து வாகைக் கட்டையில் மிச்சம் இருந்ததைப் பார்த்தாள். நாரும் தூளுமாகக் கிடந்தது. சக்கரத்தில் ஒரு கீறல் இல்லை.

"நல்ல கட்டை," என்றாள்.

"அம்மா," என்றார் தில்லைநாதன். "நான் உங்ககிட்ட கேட்ட கேள்வி..."

"அதை விடுங்க ஐயா. வேன்ல நூத்துப் பன்னிரண்டு இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்லுங்க. தேர் இன்னும் நிலைக்கு வரல."

*

மறுநாள் சபையில் பன்னிரண்டு பேர் அவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டுப் போட்ட அந்தக் கை மேசை மேல் கிடந்தது.

"நாற்பத்தொன்றாம் விதியை எடுக்கணும்," என்றார்.

"எடுத்துட்டா?"

"அந்த இடத்துல வேற எழுதணும். தலைவருக்கு முன்னால ஒருத்தர் கட்டையோட நடக்கணும். தலைவரால அவரை வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது."

"அது எப்படி முடியும்?" என்றார்கள் ஜனாதிபதிக் கட்சிக்காரர்கள்.

"அது எப்படி முடியும்?" என்றார்கள் நாடாளுமன்றக் கட்சிக்காரர்கள்.

ஏழு மாதத்தில் இரண்டாவது முறையாக அவர்கள் ஒத்துப்போனார்கள்.

"சரி. அப்ப என் கை எழும்பாது."

கெஞ்சினார்கள். மிரட்டினார்கள். காபி வந்தது, மதியச் சாப்பாடு வந்தது, மறுபடி காபி வந்தது. "இப்படி முட்டுக்கட்டை போடறீங்களே!" என்று ஒருவர் எழுந்து கத்தினார். கத்திவிட்டுத் தானே உட்கார்ந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த விதியை எழுதினார்கள். யார் யார் கட்டையோடு நடப்பது, எவர் அவர்களைத் தேர்ந்தெடுப்பது என்று பதினெட்டு வரி வந்தது. ஒன்றுகூட அழகாக இல்லை.

அதற்குப் பிறகு தில்லைநாதன் கையைத் தூக்கினார்.

*

தேரடியில் அஞ்சுகம் புது மரம் இறக்கியிருந்தாள். அடுத்த வருடத் தேருக்கு இன்றைக்கே செதுக்க ஆரம்பித்தால்தான் முடியும்.

தில்லைநாதன் இந்த முறை கேட்காமலே ஆடாத கட்டையில் உட்கார்ந்தார்.

"கை தூக்கிட்டீங்களா?" என்றாள்.

"தூக்கிட்டேன்."

"எந்தத் தேருக்கு?"

"அம்மன் தேருக்கு. கொடி வடத்தோடயே நடக்கட்டும்னு."

"மருதண்ணன் என்ன சொன்னார்?"

"'எனக்கும் கீழ நடக்கறதுதான் பிடிக்கும்'னார்."

அவள் தலையாட்டினாள். வாச்சி இறங்கி ஏறியது.

"அப்ப நிறையக் கட்டை வேணும்," என்றாள்.

தில்லைநாதன் யோசித்தார். "சரிதான். வடமும் கொடியும் ஒரே கூட்டத்துக்கிட்ட இருக்கு. அவங்களை நிறுத்த வேற ஆள் இல்லை." பிறகு கேட்டார்: "சுவாமி தேருக்குத் தூக்கியிருந்தா?"

அஞ்சுகம் இரண்டாவது வாச்சியைப் பரணிலிருந்து எடுத்தாள். அதன் பிடியைத் துடைத்து, கட்டுப் போடாத அவருடைய இடது கையில் வைத்தாள்.

"அதுக்கும்," என்றாள்.